பழைய பென்ஸ் 240டிக்கு ரயர்: 175ஆ, 195/70ஆ, வான் ரயரா?

கிளிநொச்சி_240 | சனி, இரவு 8.12

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பாவின்ர 1979ஆம் ஆண்டு மேர்சிடிஸ் 240டி இப்ப எங்கட வீட்டுக்கு வந்திருக்கு. டபிள்யூ 123 எண்டு சொல்லுற உடம்பு, கைக் கியர். வவுனியாவில ஒரு கொட்டிலுக்குள்ள கனகாலம் நிண்ட வாகனம். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. டீசல் ராங்க் கழட்டித் துப்பரவாக்கி, பிறேக் முழுக்கப் பிரிச்சுச் செய்தாச்சு. இனி ரயர்தான் மிச்சம்.

இப்ப கிடக்கிற நாலும் நாலு சாதி. முன்னுக்கு ரெண்டிலயும் றெட் (றோட்டில படுற, பள்ளம் வெட்டின முகம்) நல்லாக் கிடக்கு, ஆனா பக்கமெல்லாம் மயிர் வெடிப்பு. பின்னுக்கு ஒண்டு வான் ரயர், மற்றது பேர் வாசிக்கேலாத அளவுக்குத் தேஞ்சுது. கடைகளில கேட்ட இடத்தில மூண்டு தெரிவு சொல்லினம்: புது 185/65 ஆர் 14 (அகலம் 185 மில்லிமீற்றர், பக்க உயரம் அதில நூற்றுக்கு 65, றிம் 14 அங்குலம்), புது வான் ரயர் 185 ஆர் 14 சி, இல்லாட்டி கொழும்பில இருந்து செக்கன்ட் ஹான்ட் 195/70 ஆர் 14.

ஓட்டம் பெரிசா இல்லை. சொந்தக்காரரின்ர கலியாணங்கள், வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல், இடைக்கிடை ஏ9ஆல வவுனியா. ஆனா வீட்டுக்கு வாற கடைசித் துண்டு கிறவல், மழைக்குக் குண்டும் குழியும். பெரியப்பா இந்தக் காரை எப்பிடி வைச்சிருந்தவர் எண்டு எனக்குத் தெரியும். அதால கண்டதைப் போட மனமில்லை. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

வவுனியா_சில்லுக்கடை | சனி, இரவு 9.03

தம்பி, வாங்கிறதைப் பற்றிப் பிறகு கதைப்பம். முதல் அந்த முன் ரயரின்ர வயசைப் பாருங்கோ. பக்கத்தில டொட் எண்டு தொடங்கிற ஒரு வரி இருக்கும். முழு வரி ஒரு பக்கத்தில மட்டும் அடிச்சிருக்கிறது வழமை, அதால வெளியில காணாட்டி ரோர்ச் எடுத்துக்கொண்டு கீழ படுத்து உள்பக்கத்தைப் பாருங்கோ. அந்த வரியின்ர கடைசி இலக்கங்கள்தான் செய்த திகதி. நாலு இலக்கம் இருந்தா முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம். 2319 எண்டா 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. மூண்டே மூண்டு இலக்கம் எண்டா அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தின ரயர்.

அதோட றிம்மில என்ன எழுதியிருக்கு எண்டும் சொல்லுங்கோ. தொப்பியைக் கழட்டிப் போட்டு காத்து அடிக்கிற வால்வுப் பக்கமாத் தேடுங்கோ. துருவும் பெயின்றும் மூடியிருக்கும், கம்பி பிறஷால தேய்ச்சாத் தெரியும்.

பவர் ஸ்ரேரிங் இருக்கோ இல்லையோ? அதையும் எழுதுங்கோ, அளவைத் தீர்மானிக்க அது வேணும்.

மல்லாவி_தம்பி | சனி, இரவு 9.40

அண்ணை, 14 அங்குலத்துக்கு இனி நல்ல ரயர் தேடிக் களைக்கிறதை விட 17 அங்குல அலோய் சில்லு போடுங்கோ. புது பென்ஸ் சில்லும் அஞ்சு போல்ட்தான், 112 மில்லிமீற்றர் வட்டம், அப்பிடியே பொருந்தும். 215/45 ஆர் 17 போட்டா முழு உயரமும் ஏறத்தாழப் பழைய சில்லின்ர அளவுக்கு வரும். ரயரும் எல்லா இடத்திலயும் கிடைக்கும். கலியாண வீட்டில நிண்டா நாலு பேர் திரும்பிப் பாப்பினம்.

ஸ்ருட்காட்_வாசி | ஞாயிறு, காலை 11.25

மல்லாவித் தம்பி சொன்ன போல்ட் வட்டம் சரி. உயரக் கணக்கும் சரி. ஆனா அந்த உயரத்துக்குள்ள எவ்வளவு இரும்பு, எவ்வளவு றப்பர் எண்டதுதான் கேள்வி. 175 ஆர் 14 ரயரின்ர பக்க உயரம் 140 மில்லிமீற்றர். 215/45 ஆர் 17இன் பக்க உயரம் 97. அந்த 43 மில்லிமீற்றரும் போனா கிறவல் றோட்டின்ர ஒவ்வொரு குழியும் நேர றிம்முக்கும், அங்கயிருந்து போல் ஜொயின்ருக்கும் (முன் சில்லைத் தாங்கித் திருப்பிற மூட்டு), கையுக்கும் வரும். இந்தக் காரின்ர ஸ்பிறிங்கும் டாம்பரும் உயரமான, மெதுவான பக்கம் உள்ள ரயர் முதல் அடியை வாங்கும் எண்ட கணக்கில செய்தது. 1976 தொடக்கத்தில இந்த மொடல் வெளியில வரேக்க ஐரோப்பாவில கிராமத்துக் கல் றோட்டு நிறைய இருந்தது. ஆபிரிக்காவிலயும் மத்திய கிழக்கிலயும் ராக்சியா இது பேர் எடுத்ததுக்கு அந்த உயர்ந்த ரயர் பக்கமும் ஒரு காரணம். புதுச் சில்லுகளின்ர ஒவ்செற்றும் (சில்லு உள்ளுக்கோ வெளியிலயோ எவ்வளவு தள்ளி நிக்குது எண்ட அளவு) வேற, 123க்கு வேற. முகப்பு ஒட்டினாலும் உள்பக்கம் எங்க நிக்குது எண்டு அளக்காமப் போட்டா வளைவில ரயர் உரசும்.

கிளிநொச்சி அண்ணை, உங்கட கேள்விக்கு வாறன். 240டிக்கு கொம்பனி போட்டது 175 எஸ்.ஆர் 14. ஆறு சிலிண்டர் 280இ மாதிரி வேகமான மொடல்களுக்கு 195/70 எச்.ஆர் 14. ரெண்டும் ஒரே அஞ்சரை அங்குல அகல றிம்மில ஏறும். பழைய அளவுகளில 175 ஆர் 14 எண்டு மட்டும் எழுதி, பக்கச் சதவீதம் எழுதாம விட்டா அது ஏறத்தாழ 80 தொடக்கம் 82 எண்டு எடுக்கவேணும். அதால 175/80 ஆர் 14 எண்டு எழுதின ரயரைக் கண்டாலும் அது உங்கட அளவுதான், விட்டிடாதேங்கோ.

இப்ப கடைக்காரர் தந்த தெரிவுகளை அளந்து பாருங்கோ. உங்கட சில்லின்ர முழு உயரம் 640 மில்லிமீற்றர் மட்டில. 195/70 போட்டா 629, பெரிய வித்தியாசம் இல்லை. 185/70 எண்டா 615, அது எல்லைக்கோட்டில. அவர் தரப் பாத்த 185/65 எண்டா 596 தான். கிட்டத்தட்ட நூற்றுக்கு ஏழு குறைவு. மீற்றர் 100 காட்டேக்க உண்மையில் 93இல போவியள், எஞ்சின் தேவையில்லாம அலறும், காரின்ர வயிறும் 2 சென்ரிமீற்றருக்கு மேல பதியும். கிறவல் றோட்டில அந்த 2 சென்ரிமீற்றர் சைலன்சருக்குத் தேவை.

பாரமும் இருக்கு. ரயரில அளவுக்குப் பிறகு வாற இலக்கம் பாரக் குறியீடு. 86 எண்டா ஒரு ரயர் 530 கிலோ தாங்கும், 88 எண்டா 560, 91 எண்டா 615. 240டி ஆக்களும் சாமானுமா நிறைஞ்சா 1900 கிலோவை நெருங்கும், அதில பெரும் பங்கு பின் அச்சில. பின்னுக்கு மூண்டு பேர், டிக்கிக்குள்ள கலியாணச் சாமான் எண்டா 86 போதும் போதாமக் கிடக்கும். 88க்குக் கீழ போகாதேங்கோ.

அதுக்குப் பிறகு வாற ஆங்கில எழுத்து வேகத்துக்கு: எஸ் 180 கிலோமீற்றர், ரி 190, எச் 210. உங்கட கார் உச்சியில 140 மட்டில போகும், எங்கட நாட்டில ஏ9 மாதிரி றோட்டில சட்டம் விடுறது 70. எஸ் அல்லது ரி தாராளம். எச் வேணும் எண்டு கூடக் காசு கேட்டாக் குடுக்காதேங்கோ.

ஒட்டுசுட்டான்_சாரதி | ஞாயிறு, மதியம் 1.50

பிள்ளையள் எல்லாம் கணக்கோட கதைக்கிறியள், சந்தோசம். நான் கணக்குப் படிச்சவன் இல்லை, முப்பது வருசத்துக்கு மேல வன்னி றோட்டில வாகனம் ஓட்டினவன். சண்டைக் காலத்தில பெற்றோலைச் சொட்டுக் கணக்கில விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின ஆக்கள் நாங்கள். ரயர் வெட்டுப்பட்டா உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டு வைச்சு, ரியூப்பைப் போட்டு, மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்குச் சனத்தை ஏத்தி இறக்கியிருக்கிறம்.

அதால சொல்லுறன், வான் ரயரைப் போடுங்கோ. உடை முள்ளும் சூரை முள்ளும் அதுக்கு ஏறாது. காட்டோரம் கிடக்கிற துருப்பிடிச்ச இரும்புத் துண்டு பக்கத்தைக் கிழிக்கிறதும் குறைவு. பென்ஸ் பாரமான கார், அதுக்குப் பாரமான ரயர்தான் சரி. நெடுங்கேணிப் பக்கம் ஒரு பழைய பென்ஸ் வருசக் கணக்கா வான் ரயரில ஓடினது எனக்குத் தெரியும்.

வவுனியா_சில்லுக்கடை | ஞாயிறு, பின்னேரம் 4.15

ஐயா சொல்லுறதில உண்மை இருக்கு, அதை மறுக்க மாட்டன். முள்ளுக்கும் வெட்டுக்கும் சி போட்ட ரயர் உறுதி. 185 ஆர் 14 சியின்ர முழு உயரமும் 650 மட்டில வரும், அதால காருக்கு ஏறும், உரசாது. விலையும் பரவாயில்லை. எங்கட கடைக்கு வாற பழைய பென்ஸ்களில சரி பாதி அப்பிடித்தான் வருது.

ஆனா ஐயா, அந்த ரயர் 8 பிளை தரத்தில, 65 பி.எஸ்.ஐ மட்டில காத்து அடிச்சு ஒரு தொன் சாமான் ஏத்திற வானுக்குச் செய்தது. 240டியில நீங்கள் 30, 32தான் அடிப்பியள். அந்தக் காத்தில ஒவ்வொரு சில்லும் 400, 450 கிலோதான் சுமக்குது. பக்கம் மடியாது. கிறவலில சில்லு றோட்டோட ஒட்டி ஓடாமத் துள்ளும். துள்ளேக்க பிறேக் பிடிச்சா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழையில இன்னும் மோசம். வான் ரயரின்ர றப்பர் கன தூரம் தேயாம ஓட வேணும் எண்டு கட்டியாச் செய்தது, ஈரக் காப்பற் றோட்டில அது வழுக்கும். இந்தக் காரில ஏ.பி.எஸ் (பிறேக் பிடிக்கேக்க சில்லு பூட்டி வழுக்காமத் தடுக்கிற அமைப்பு) இல்லை. 123க்கு அது 1980இலதான் வந்தது, அதுவும் கேட்டு வாங்கினாத்தான். மார்கழி மழையில பரந்தன் சந்தியில ஒரு மாடு குறுக்க வந்தா நிப்பாட்டிறது அந்த நாலு உள்ளங்கை அளவு றப்பர் மட்டும்தான்.

தினமும் வயலுக்கும் காட்டுக்கும் ஓடுற வாகனம் எண்டா நானும் சி ரயரைத்தான் குடுப்பன். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் போற காருக்கு, அதில இருந்து போறவை பென்ஸில போறம் எண்டு உணர வேணும் எண்டா, கார் ரயர் போடுங்கோ.

கிளிநொச்சி_240 | ஞாயிறு, இரவு 7.30

படுத்துப் பாத்தன். முன் ரயர் ரெண்டிலயும் மூண்டு இலக்கம்தான்! றெட்டைப் பாத்தா அரைவாசிகூடத் தேயேல்லை. றிம்மில 5½ ஜே × 14 எச்2 எண்டு குத்தியிருக்கு. பவர் ஸ்ரேரிங் இல்லை, கையால முறிக்கிற ஸ்ரேரிங்தான்.

ஜேர்மனியில இருக்கிற மச்சான் தன்னட்ட நல்ல 195/70 செற் ஒண்டு கிடக்கு, ஒரு பனிக்காலம்தான் ஓடினது, சாமான் பெட்டியோட போட்டு விடுறன் எண்டுறார். எடுக்கலாமோ?

ஸ்ருட்காட்_வாசி | ஞாயிறு, இரவு 9.10

மச்சானுக்கு நன்றி சொல்லிப்போட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பனிக்காலம் ஓடினது எண்டா அது பனி ரயர். பக்கத்தில மூண்டு மலை முகடும் நடுவில பனிப்பூவும் கீறியிருக்கும். அதின்ர றப்பர் 7 பாகைக்குக் கீழ குளிரிலயும் இறுகாம இருக்க வேணும் எண்டு மெதுவாச் செய்தது. கிளிநொச்சியில சோளகக் காத்துக் காலத்து 35 பாகை வெயிலில, கொதிக்கிற தார் றோட்டில அது குழைஞ்சு றெட்டின்ர கட்டையெல்லாம் நெளியும், பிறேக் தூரம் கூடும், கெதியில தேயும். அங்க பழைய ரயர் விக்கிற இடங்களில ஸ்ரட்லெஸ் எண்டு பக்கத்தில எழுதியிருக்கிறதும் அதே சாதிதான். பாக்கப் புதுசு மாதிரி இருக்கும், விலையும் மலிவு. அதைக் கண்டா விலகிடுங்கோ.

பவர் ஸ்ரேரிங் இல்லை எண்டதால என்ர வாக்கு 175க்கு. 195 அகலம் நிக்கிற இடத்தில ஸ்ரேரிங் முறிக்கேக்க தோளுக்குத் தெரியும். கோயில் வீதியில சனத்துக்குள்ள முன்னும் பின்னும் எடுத்து நிப்பாட்டிற ஆளுக்கு அது சின்ன விசயம் இல்லை. ஓட்டத்தில ரெண்டும் நல்லம், 195/70 வளைவில கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆனா 240டி வளைவில விரட்டிற கார் இல்லை. ஒடுங்கின ரயர் தண்ணி தேங்கின றோட்டில நீரை வெட்டிக்கொண்டும் போகும்.

பழைய கார்களுக்கெண்டு இப்பவும் ரயர் செய்யினம். மிஷ்லின் எம்.எக்ஸ்.வி-பி எண்டு 185 ஆர் 14இல பழைய பென்ஸ்களுக்கே ஏத்த மாதிரி ஒரு ரயர் வைச்சிருக்கு, பாரக் குறியீடு 90. விரெடெஸ்ரைன் ஸ்பிறின்ற் கிளாசிக் எண்டு பழைய கோலத்தில றெட் வெட்டி, புது றப்பரில செய்யிறதும் இருக்கு. அந்தக் கொம்பனி 2009இல இருந்து இந்தியாவின்ர அப்பலோவின்ர கையில. ரெண்டும் விலை கூட. பெரியப்பாவின்ர காரைக் கண்காட்சிக்கு விடுறதெண்டா யோசிக்கலாம். ஓடுறதுக்கு, திகதி புதுசான, 88 பாரக் குறியீடு உள்ள சாதாரண 175/80 ஆர் 14 நாலும் ஒரே சாதியா எடுத்தாப் போதும்.

இங்க 30 வருசத்துக்கு மேற்பட்ட காருக்கு எச் போட்ட நம்பர் பிளேற் எடுக்க வேணும் எண்டா பரிசோதகர் வந்து காரின்ர பழைய கோலத்தைப் பாப்பார், சில்லும் ரயரும் அதில அடக்கம். அந்தப் பழக்கத்தில எனக்கு அளவு மாத்திறது எண்டாலே மனம் ஒப்பாது, அதையும் சொல்லத்தான் வேணும்.

ஒட்டுசுட்டான்_சாரதி | திங்கள், காலை 6.20

அளவு விசயத்தில நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன். ஆனா ஒண்டு கேக்கவேணும். அரைவாசிகூடத் தேயாத ரயரை வயசைப் பாத்து எறியச் சொல்லுறது என்ன நியாயம்? நிழலுக்குள்ள நிண்ட ரயர். ஓடாத ரயர் எப்பிடிப் பழுதாகும்?

வவுனியா_சில்லுக்கடை | திங்கள், காலை 9.35

ஐயா, ஓடாமக் கிடக்கிறதுதான் அதுக்குக் கேடு. றப்பருக்குள்ள வெடிப்புத் தடுக்கிற மெழுகு கலந்திருக்கு. ரயர் உருளேக்க பக்கம் மடிஞ்சு நிமிர, அந்த மெழுகு உள்ளயிருந்து மெல்ல மெல்ல மேல வந்து ஒரு படையாப் படியும். காத்தில இருக்கிற ஓசோன் றப்பரைத் தின்னாமத் தடுக்கிறது அந்தப் படைதான். நிண்ட இடத்தில நிண்டா மெழுகு மேல வராது, வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு வெளியில தெரியிறது, ஆனா ஆளைக் கொல்லுறது உள்ளுக்க. றேடியல் ரயரில உருக்குக் கம்பிப் பட்டி ரெண்டு ஒண்டின்மேல ஒண்டா றப்பரில ஒட்டிக் கிடக்கும். காலம் போக அந்தப் பட்டிகளுக்கு இடையில இருக்கிற றப்பர் இறுகி விட்டுப்போகும். கரையில நிக்கேக்க ஒண்டும் தெரியாது. மத்தியானம் ஏ9இல முக்கால் மணித்தியாலம் ஓடி ரயர் கொதிச்ச பிறகு றெட் முழுசா உரிஞ்சு பறக்கும். முன் சில்லில அது நடந்தா ஸ்ரேரிங் கையில நிக்காது.

பிரித்தானியாவில 2021 பெப்ரவரியில இருந்து லொறி, பஸ்ஸின்ர முன் அச்சில 10 வருசத்துக்கு மேற்பட்ட ரயர் போடக்கூடாது எண்டு சட்டம் வந்தது. கார் ரயருக்கும் மிஷ்லின், கொன்ரினென்ரல் ரெண்டும் 10 வருசத்தை உச்ச எல்லையாச் சொல்லுது, றெட் எவ்வளவு இருந்தாலும். எங்கட வெக்கைக்கு நான் ஆறு வருசம் கழிய ஒவ்வொரு வருசமும் கழட்டி உள்ளுக்கும் பாக்கச் சொல்லுவன், எட்டோட மாத்தச் சொல்லுவன்.

கையால பாக்கிற விதம் ஒண்டு இருக்கு. றெட்டின்ர ரெண்டு கட்டைக்கு நடுவில இருக்கிற பள்ளத்தின்ர அடியில பெருவிரல் நகத்தால அமத்துங்கோ. நல்ல றப்பர் நகத்துக்குக் குழிஞ்சு குடுத்து, விட்ட உடன நிமிரும். செத்த றப்பரில நகம் வழுக்கும், அடையாளமே விழாது. பள்ளத்தின்ர அடியில கோடு கோடா வெடிப்பு ஓடினாலும் முடிஞ்சுது.

கிளிநொச்சித் தம்பி, உங்கட மூண்டு இலக்க ரயர் ரெண்டையும் இண்டைக்கே கழட்டுங்கோ. வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ, ஆரும் எடுத்து ட்ரெயிலருக்குப் போட்டாலும் ஆபத்து. பக்கத்தை வெட்டிப் போட்டு கிணத்துக் கட்டோரம் பூக்கண்டு வையுங்கோ.

றிம்மில எச்2 எண்டிருக்கிறது நல்ல செய்தி. ரியூப் இல்லாத ரயர் வளைவில நழுவாம இருக்க ரெண்டு பக்கமும் மேடு விட்ட றிம் அது. ரியூப் போடத் தேவையில்லை. கடைப் பெடியள் பழக்கத்தில ரியூப் போடுவம் எண்டு சொல்லுவினம், விடாதேங்கோ. ரியூப் இல்லாத ரயரில ஆணி ஏறினா காத்து மெல்ல இறங்கும், கரையில ஒதுங்க நேரம் கிடைக்கும். ரியூப் போட்டா ஒரேயடியா இறங்கும்.

மன்னார்_மாக்2 | திங்கள், மதியம் 12.40

நல்ல இழை. என்ர கேள்வியையும் இதுக்குள்ள விடலாமோ? 1962 ஜகுவார் மாக் 2, கம்பிச் சில்லு. கலியாணத்துக்குக் குடுக்கிறனான். நாலும் பழைய கிறொஸ் பிளை (உள் நூல் படைகள் குறுக்கும் மறுக்குமாப் போட்ட பழைய சாதி) 6.40-15. இந்த முறை ரெண்டு றேடியல்தான் வாங்க ஏலும். ஸ்ரேரிங்குக்கு நல்லம் எண்டு முன்னுக்குப் போடப் பாக்கிறன். அதோட வெள்ளைப் பக்கம் கேக்கினம், றிம்முக்கும் ரயருக்கும் இடையில செருகிற வெள்ளை வளையம் ஒருத்தர் தாறன் எண்டார்.

ஸ்ருட்காட்_வாசி | திங்கள், பின்னேரம் 5.05

முன்னுக்கு றேடியல், பின்னுக்குக் கிறொஸ் பிளை எண்டது இருக்கிறதுக்குள்ள ஆபத்தான கலவை. முன்பக்கம் வளைவில இறுக்கிப் பிடிக்க, பின்பக்கம் முதல் வழுக்கி கார் சுத்தும். ஒரே அச்சில ரெண்டு சாதி கலக்கிறதும் கூடாது. வேற வழியே இல்லாட்டி றேடியல் பின்னுக்கு, கிறொஸ் பிளை முன்னுக்கு. நல்ல வழி, காசு சேருமட்டும் பொறுத்து நாலையும் ஒண்டா மாத்திறது.

மாக் 2க்கு 6.40-15க்குப் பதிலா வாற றேடியல் 185 ஆர் 15. பிரெல்லி சின்ருறாற்றோ இப்பவும் அந்த அளவில செய்யினம். காரை 1962இல வந்த மாதிரியே வைச்சிருக்க ஆசை எண்டா டன்லொப் ஆர்.எஸ் 5 கிறொஸ் பிளையும் திரும்பச் செய்யினம். கலியாண ஊர்வலத்துக்கு மெல்ல ஓட அது அழகு, ஸ்ரேரிங்கும் லேசு. மன்னாரில இருந்து மதவாச்சி மட்டும் வேகமா ஓடுறதெண்டா றேடியல்தான். 3.8 எஞ்சின் எண்டா அந்தக் கார் 200ஐத் தொடும், எச்சுக்குக் குறைஞ்ச வேக எழுத்து அதுக்கு வேண்டாம். பென்ஸ் அண்ணைக்குச் சொன்ன எஸ் கணக்கை நீங்கள் எடுக்காதேங்கோ.

வெள்ளை வளையம் வேண்டவே வேண்டாம். றேடியலின்ர பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சு நிமிரிறது, வளையம் அதோட மடியாது. நிண்டு உரசி உரசிப் பக்கத்தை அரிச்சுப்போடும், இடையில மணல் போனா இன்னும் கெதியில. வெள்ளை கட்டாயம் எண்டா வெள்ளைப் பக்கத்தோட செய்து வாற ரயரை எடுங்கோ.

வவுனியா_சில்லுக்கடை | திங்கள், பின்னேரம் 6.30

மன்னார் அண்ணைக்கு: கம்பிச் சில்லுக்கு ரியூப் கட்டாயம். கம்பி முனை றிம்முக்குள்ளால வாற ஓட்டையால காத்துப் போகும். உள்ளுக்க கம்பித் தலைகளைச் சமனா அராவி, மேல றப்பர் பட்டி சுத்தி, பவுடர் தடவி, றேடியலுக்கெண்டு எழுதின ரியூப்பையே போடவேணும். ரயருக்குள்ள ஒட்டியிருக்கிற கடதாசி லேபிளை உரிச்சு எடுங்கோ, அது ரியூப்பைத் தேய்ச்சு ஓட்டையாக்கும்.

ரயர் ஏத்த முதல் தேத்தண்ணிக் கரண்டியால ஒவ்வொரு கம்பியாத் தட்டிப் பாருங்கோ. எல்லாம் கிண் எண்டு கேக்க வேணும். தொப் எண்டு செத்த சத்தம் வந்தா அந்தக் கம்பி தளந்திட்டுது அல்லது வெடிச்சிட்டுது. அதைச் சரிபண்ணாம எந்த நல்ல ரயர் போட்டும் ஸ்ரேரிங் நடுங்கிறது நிக்காது.

மல்லாவி_தம்பி | திங்கள், இரவு 8.45

17 அங்குலத்தை விட்டாச்சு, பக்க உயரக் கணக்கு விளங்குது. ஆனா 14 அங்குலத்திலயே பென்ஸின்ர பழைய அலோய் சில்லு இருக்குதானே, அதைப் போட்டா?

ஸ்ருட்காட்_வாசி | திங்கள், இரவு 10.15

போடலாம் தம்பி, அழகான சில்லு. 123க்கே கொம்பனி வித்தது. ஒரு விசயம் மட்டும் கவனம். அலோய் தடிப்பம், அதுக்கு நீளமான போல்ட். இரும்புச் சில்லுக்குக் கட்டையான போல்ட். ஸ்பெயர் சில்லு இரும்பில இருந்து, றோட்டில அதை அலோயின்ர நீள போல்ட்டால பூட்டினா, பின்பக்கம் போல்ட் உள்ளுக்க நீண்டு கைப்பிறேக் பகுதியில முட்டி உடைக்கும். டிக்கிக்குள்ள அஞ்சு கட்டை போல்ட் ஒரு பையில கட்டி வைச்சிருக்கவேணும்.

கிளிநொச்சி_240 | புதன், இரவு 7.50

எல்லாருக்கும் பெரிய நன்றி. மச்சானிட்டக் கதைச்சாச்சு, படம் அனுப்பினார், பனிப்பூ அடையாளம் அப்பிடியே இருக்கு. முன் ரயர் ரெண்டும் கழட்டியாச்சு, நகம் போட்டுப் பாத்தன், கல்லு. சில்லுக்கடை அண்ணையோட போனில கதைச்சு 175/80 ஆர் 14, 88 ரி, அஞ்சு ரயர் சொல்லியிருக்கிறன். கொழும்பில இருந்து எடுப்பிக்கிறார். எல்லாம் ஒரே வருசத்துக்குள்ள செய்ததா இருக்க வேணும், இல்லாட்டித் திருப்பி விடுவம் எண்டு அவரே சொன்னவர்.

இன்னும் ரெண்டு கேள்வி. காத்து எவ்வளவு? மாதத்தில ரெண்டு மூண்டு தரம்தான் கார் எடுபடும், நிக்கிற நேரம் ரயரை எப்பிடிப் பாதுகாக்கிறது?

ஒட்டுசுட்டான்_சாரதி | வியாழன், காலை 6.05

தம்பி, அஞ்சாவதையும் சேத்துச் சொன்னது நல்ல வேலை. ஸ்பெயருக்குப் பழசை வைச்சிட்டு புளியங்குளத்துக்கும் நெடுங்கேணிக்கும் நடுவில இரவில நிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். அந்த றோட்டில யானை வரும்.

காத்துக்கு, டீசல் அடிக்கிற மூடியின்ர கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கோ, பென்ஸில அங்கதான் ஒட்டியிருக்கும். விடியக்காலமை, கார் ஓடாம நிக்கேக்க அளக்கவேணும். ஓடிவந்து கொதிச்ச ரயரில காத்துக் கூடக் காட்டும், அதைப் பாத்துத் திறந்து விட்டா மறுநாள் குறைஞ்சு கிடக்கும். குறைஞ்ச காத்தில ஓடுறதுதான் ரயரைக் கொதிக்க வைச்சு வெடிக்கப் பண்ணிறது. வன்னி வெயிலுக்குக் காத்தைக் குறைச்சு அடிக்க வேணும் எண்டு சில பேர் சொல்லுவினம், கேக்காதேங்கோ.

வவுனியா_சில்லுக்கடை | வியாழன், காலை 10.20

ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆறு பாகை சூடு ஏற ஒரு பி.எஸ்.ஐ மட்டில கூடும், காலமை 30 அடிச்சது மத்தியானம் ஓடேக்க 35, 36 காட்டினாப் பயப்பிடத் தேவையில்லை.

நிக்கிறதுக்கு: கிழமைக்கு ஒருக்கா எடுத்து முறிகண்டி மட்டும் போய்த் திரும்பினாலே போதும், ரயரும் உருண்டு சூடாகும், பற்றறியும் ஏறும், மெழுகும் மேல வரும். மாதக் கணக்கா நிக்கும் எண்டா காத்தை அஞ்சு பி.எஸ்.ஐ கூட்டி விட்டு, கிழமைக்கு ஒருக்கா கால் சுத்து முன்னுக்குத் தள்ளி விடுங்கோ. இல்லாட்டி நிலம் தொட்ட இடம் தட்டையாகி, ஓடேக்க டுப் டுப் எண்டு அடிக்கும். வெல்டிங் அடிக்கிற இடத்துக்குக் கிட்டவும் தண்ணி மோட்டருக்குக் கிட்டவும் நிப்பாட்டாதேங்கோ, அந்தப் பொறியால ஓசோன் வரும். பளபளக்க வைக்கிற எண்ணெய் பூசாதேங்கோ, சவுக்காரத் தண்ணி போதும்.

ரயர் வர முதல் றிம் அஞ்சையும் கொண்டு வந்து தாங்கோ. ரயர் வந்து குந்துற விளிம்பில துரு இருந்தாக் காத்து நிக்காது. கம்பி பிறஷ் போட்டு, பிறைமர் அடிச்சு, காய விட்டு, சுத்திப் பாத்து, நெளிவு இருந்தா எடுத்துப்போட்டுத்தான் ரயர் ஏத்துவம். பலன்ஸ் பாத்த பிறகு அலைன்மென்ற். ஆனா அதுக்கு முதல் முன் போல் ஜொயின்ரும் ஸ்ரேரிங் டாம்பரும் ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டுங்கோ. கொட்டிலுக்குள்ள நிண்ட காரில றப்பர் புஷ் எல்லாம் ரயர் மாதிரித்தான் செத்திருக்கும். ஆடுற மூட்டை வைச்சுக்கொண்டு அலைன்மென்ற் பாக்கிறது காசுக்குக் கேடு. பூட்டின பிறகு 100 கிலோமீற்றர் ஓடி வாங்கோ, போல்ட் எல்லாம் திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாப்பம்.